பேயும் பிக்குவும் தட்சணையும்

புத்தர் ஒருமுறை அறவுரை சொல்லிக்கொண்டிருக்கையில் தும்மினார். சூழ்ந்திருந்த பிக்குகள் எல்லோரும் 'நீடு வாழ்க' என்று உரக்க வாழ்த்த, பேச்சு தடைப்பட்டது. தும்மியவரை இப்படி வாழ்த்துவதால் அவர் பிழைப்பதோ சாவதோ உண்டா என்று புத்தர் கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியானால் இனி வாழ்த்த வேண்டாம் என்று விதி பிறந்தது. பிறகு வேறொரு சிக்கல் முளைத்தது. பிக்குகள் தும்மியபோது இல்லறத்தார் வாழ்த்தினார்கள். பிக்குகளோ விதிக்கு அஞ்சிப் பதிலுக்கு வாய் திறக்கவில்லை. சனங்கள் முகம் சுளித்தார்கள். செய்தி புத்தர் காதுக்கு எட்டியது. இல்லறத்தார் மங்கலச் சொல்லில் பற்றுள்ளவர்கள், அவர்கள் வாழ்த்தினால் நீங்களும் திருப்பி வாழ்த்தலாம் என்று அவர் விதியைத் தளர்த்தினார். வினய பிடகத்தின் சுள்ளவக்கம் சொல்லும் நிகழ்ச்சி இது. மூடநம்பிக்கையைப் பற்றிப் பழைய பௌத்தம் எடுத்த நிலை முழுவதும் இதில் சுருக்கமாக அடங்கியிருக்கிறது. காரணம் கேட்கப்பட்டது, காரணம் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி முடிவும் சொல்லப்பட்டது. ஆனால் அந்த முடிவை ஊரார் தலையில் கட்டவில்லை. துறவிக்குக் கண்டிப்பு, இல்லறத்தாரிடம் பொறுமை என்று அளவுகோல் இரண்டாக இருந்தது.

பௌத்தத்தைப் பற்றி இன்று பேசுவோரில் இரண்டு அணிகள் உண்டு. ஓர் அணிக்கு அது மதமே அல்ல. தெய்வமும் பேயும் மந்திரமும் இல்லாத பகுத்தறிவு நெறி. இலங்கையிலும் தாய்லாந்திலும் பர்மாவிலும் காணும் தாயத்தும் பேயோட்டலும் பின்னாளில் படிந்த அழுக்கு என்பது அவர்கள் கட்சி. மற்ற அணி அந்த அழுக்கையே சான்றாகக் காட்டி, இதுவும் எல்லா மதங்களையும் போன்றதுதான், பகுத்தறிவு என்பது ஐரோப்பியர் பூசிய சாயம் என்று முடித்துவிடுகிறது. இரு அணியினரும் மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பேயும் தெய்வமும் உண்டா என்பது முதற் கேள்வி. உண்டென்றே வைத்துக்கொண்டாலும், மனிதனின் நன்மை தீமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டா என்பது இரண்டாவது. அவற்றின் பெயரைச் சொல்லி ஒருவர் பிழைப்பு நடத்தலாமா என்பது மூன்றாவது. பழைய பௌத்த நூல்கள் முதற் கேள்வியை அதிகம் விவாதிக்கவில்லை. உண்டு என்றே எடுத்துக்கொண்டன. இரண்டாவதற்கு அநேகமாக இல்லை என்றன. மூன்றாவதற்கு, துறவியைப் பொறுத்தவரை, கூடவே கூடாது என்றன. 19ஆம் நூற்றாண்டில்தான் முதற் கேள்வி முன்னே வந்து நின்றது. அந்த அமளியில் மூன்றாவது கேள்வி பின்னே தள்ளப்பட்டது. இழப்பு அங்கேதான் நேர்ந்தது.

முதலில் முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பாலி நூல்களில் தேவர், இயக்கர், நாகர், மரத்தில் வாழும் தேவதைகள் ஆகியோர் வராத பகுதியைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். புராண மணம் வீசும் நூல்களில் மட்டுமல்ல, துறவிகளின் அன்றாட ஒழுக்கத்தைச் சட்டம் போல வகுக்கும் வினய பிடகத்திலும் அவர்கள் உலவுகிறார்கள். ஆளவி என்ற ஊரில் கட்டட வேலைக்காகப் பிக்கு ஒருவர் மரம் வெட்டினார். அதில் குடியிருந்த தேவதை தடுத்தும் கேளாமல் வெட்டியதில் அதன் பிள்ளையின் கையில் வெட்டு விழுந்தது. ஆத்திரத்தில் பிக்குவைக் கொன்றுவிட நினைத்த தேவதை, மனத்தை அடக்கிக்கொண்டு புத்தரிடம் போய் முறையிட்டது. புத்தர் அதற்கு வேறொரு மரத்தைக் குடியிருப்பாகக் காட்டினார். செடிகொடிகளை அழிப்பது குற்றம் என்ற விதிக்கு வினயம் சொல்லும் காரணக் கதை இது. திக நிகாயத்தின் ஆடானாட்டிய சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இயக்கர் தலைவனான குபேரன் ராஜகிருகத்துக் கழுகுமலைக்கு வந்து, எங்கள் கூட்டத்தில் பலருக்கு உங்களைப் பிடிக்காது, கொல்லாதே, திருடாதே, கள் குடிக்காதே என்று நீங்கள் சொல்வது அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, காட்டில் தனித்திருக்கும் பிக்குகளுக்காக ஒரு காப்புப் பாட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பேய் இல்லை என்று கருதிய சமூகம் இப்படி ஒரு நூலை ஆக்கியிருக்காது.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் காட்சி மாறுகிறது. தெய்வங்கள் இருக்கின்றன, ஆனால் பதவி இறக்கம் பெற்று இருக்கின்றன. கேவட்ட சூத்திரத்தில் பிக்கு ஒருவருக்கு நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் எங்கே எச்சமின்றி அழிகின்றன என்ற ஐயம் எழுகிறது. ஒவ்வொரு வானுலகாக ஏறிப்போய்க் கேட்கிறார். எல்லாத் தேவர்களும் மேலே இருப்பவரைக் கேள் என்று கைகாட்டிவிடுகிறார்கள். கடைசியில் பிரம்மன் முன் நிற்கிறார். பிரம்மன், நான் படைப்பவன், எல்லாம் அறிந்தவன் என்று தன் விருதுகளை அடுக்குகிறான். நான் கேட்டது அதுவல்ல என்று பிக்கு விடாமல் கேட்க, பிரம்மன் அவரைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போய், இந்தத் தேவர்கள் நான் அறியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் அவர்கள் முன்னால் சொல்லவில்லை, எனக்கும் விடை தெரியாது என்கிறான். தெய்வத்தை மறுப்பதைவிடக் கூர்மையான ஏளனம் இது. சகுனம், நாள் நட்சத்திரம் ஆகியவற்றிலும் இதே போக்குதான். நட்சத்திர சாதகக் கதையில் முன்கூட்டித் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்ற கோபத்தில் திருமணத்துக்கு நாள் சரியில்லை என்று சொல்லிவிடுகிறான் நாள் பார்ப்பவன் ஒருவன். அதை நம்பி மறுநாள் போன மாப்பிள்ளை வீட்டார் போய்ச் சேர்வதற்குள் பெண்ணை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். மங்கல சாதகத்தில் எலி கடித்த துணி குடியைக் கெடுக்கும் என்று அஞ்சிய பார்ப்பனர் அதைச் சுடுகாட்டில் எறியச் செய்ய, புத்தர் அதை எடுத்துக்கொள்கிறார். அங்குத்தர நிகாயம் இல்லறத்தாரில் கடைப்பட்டவனுக்குச் சொல்லும் ஐந்து அடையாளங்களில் ஒன்று, வினையை நம்பாமல் சகுனத்தை நம்புவது.

மூன்றாவது கேள்வியில்தான் பௌத்த நூல்களின் கடுமை முழுதாக வெளிப்படுகிறது. பிரம்மஜால சூத்திரத்தில் கைரேகை, கனவுப் பலன், எலிக்கடிக் குறி, தீ வேள்வி, பாம்பு மந்திரம், பேய் மந்திரம், கிரகணக் கணிப்பு, முகூர்த்தம் குறித்தல், வசியம் என்று நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. இவை பொய்யா மெய்யா என்று அந்தப் பட்டியல் ஆராய்வதில்லை. அதில் கிரகணக் கணிப்பும் இருக்கிறது, மருத்துவ முறைகளும் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்; கிரகணம் வருவது பொய்யல்ல. நம்பிக்கையோடு இடப்பட்ட சோற்றைத் தின்றுகொண்டே சில துறவிகள் இவற்றால் பிழைக்கிறார்கள், கௌதமர் அப்படிப் பிழைப்பதில்லை என்பதே அங்குள்ள குற்றச்சாட்டு. ராஜகிருகத்துச் செல்வர் ஒருவர் உயரத்தில் தொங்கவிட்ட சந்தனக் கிண்ணத்தைப் பிண்டோல பாரத்துவாசர் ஆற்றலால் பறந்துபோய் எடுத்துவந்த கதையும் இதையே சொல்கிறது. அவர் பறந்தாரா என்பதில் நூலுக்கு ஐயமே இல்லை. அற்பக் கிண்ணத்துக்காக அதைக் காட்சிப்பொருள் ஆக்கினாரே என்பதுதான் புத்தரின் கோபம். கிண்ணம் பொடியாக்கப்பட்டது, இல்லறத்தார் முன் அற்புதம் காட்டுவது குற்றமாக்கப்பட்டது. இன்னின்ன அற்புதம் உண்மை, இன்னின்னது பொய் என்று பிரிக்கும் வேலையைச் செய்யாமல், அற்புதத்துக்கான சந்தையையே துறவிக்கு மூடிவிடும் ஏற்பாடு இது.

இந்த மூன்றடுக்கு நிலை துறவிகளின் ஏட்டில் மட்டும் கிடந்ததல்ல, அரசாணையிலும் ஏறியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த ஒன்பதாம் பெரும்பாறைச் சாசனம், நோய், திருமணம், பிள்ளைப்பேறு, பயணம் ஆகியவற்றின்போது மக்கள் செய்யும் மங்கலச் சடங்குகளைப் பற்றியது. பெண்கள் பலவகையான அற்பமும் பயனற்றதுமான சடங்குகளைச் செய்கிறார்கள் என்று அரசர் குறைப்படுகிறார். பெண்களை மட்டும் குறிவைக்கும் அந்தப் பார்வை அவர் காலத்தது. ஆனால் சுள்ளவக்கத்தில் நன்மை வேண்டித் துணி விரித்து அதன்மேல் புத்தரை நடக்கச் சொன்னவன் ஓர் இளவரசன், போதி. புத்தர் அத்துணியை மிதிக்க மறுத்தார். பின்னர் கருச்சிதைவுற்ற ஒரு பெண் மங்கலம் கருதி வேண்டியபோது பிக்குகள் மிதிக்கலாம் என்று அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. அசோகரும் சடங்கு செய்யாதே என்று ஆணையிடவில்லை. செய்யலாம், ஆனால் பலன் சிறிது என்கிறார். பணியாளரிடமும் அடிமைகளிடமும் முறையாக நடப்பது, பெரியோரை மதிப்பது, உயிர்களிடம் அடக்கத்தோடு இருப்பது, துறவியருக்கும் பார்ப்பனருக்கும் கொடுப்பது ஆகியவையே பெரும்பலன் தரும் சடங்கு என்கிறார். சடங்கை ஒழிக்காமல் அதன் இடத்தில் ஒழுக்கத்தைக் குடிவைக்கும் இந்த வழி, நற்செயல்களையே மங்கலம் என்று அடுக்கும் மகாமங்கல சூத்திரத்தின் வழியேதான்.

இதே நிலைக்குத் தமிழில் கிடைக்கும் சான்று பாலி நூல்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியத்தில், சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவன் தனியே சுடுகாட்டு வழியே போகிறான். பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு அலறி ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். தாய் கோதமை பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உன் மகனின் உயிரை உண்ணவில்லை, அவனது வினையே அவன் அறியாமையைப் பற்றிக்கொண்டு உயிரைக் கொண்டுபோனது என்கிறது தெய்வம். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைத் தா என்கிறாள் தாய். ஓர் உயிருக்கு ஈடாக இன்னோர் உயிரை வாங்க முடியுமானால் அரசர்களுக்காக உயிர்கொடுக்க ஆட்கள் உண்டே, அரசர்க்குச் சுடுகாடு ஏன் இருக்கிறது என்ற பொருள்படப் பதில் வருகிறது. தெய்வம் வரம் தரும் என்று மறை சொல்கிறதே என்று அவள் விடாமல் வாதாட, சம்பாபதி சக்கரவாளத்துத் தேவர் எல்லோரையும் அவள் முன் வரவழைத்து நிறுத்துகிறது. அவர்களும் தங்களால் இயலாது என்றே சொல்கிறார்கள். சாத்தனார் பேயை நடனமாடவிட்டிருக்கிறார், தெய்வங்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கியிருக்கிறார். ஆனால் அத்தனை பேரும் வந்தது தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று வாக்குமூலம் கொடுக்கத்தான். அதே காப்பியத்தில் மணிமேகலை மந்திரத்தால் வானில் பறக்கிறாள், வேற்றுருக் கொள்கிறாள், பின்னர் அளவை நூலும் கற்கிறாள். இந்த மூன்றும் ஒருத்தியிடம் கூடியிருப்பது நமக்குத்தான் முரண்பாடாகத் தெரிகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பேயை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் வினையை உட்காரவைத்தால் என்ன லாபம்? வினையும் கண்ணால் கண்டு உறுதிசெய்ய முடியாத நம்பிக்கைதானே? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எல்லாம் அவன் வினை என்று சொல்வது பேய் அடித்தது என்பதைவிடக் கொடுமையல்லவா? அறிவியலின் அளவுகோலில் இந்த மறுப்பு சரியானது. பழைய பௌத்தத்தைப் பகுத்தறிவு இயக்கமாகவே காட்ட விரும்புவோர் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பிறவி வினை என்ற பேச்சு, ஏழையையும் ஒடுக்கப்பட்டவரையும் அவர்களது நிலைக்கு அவர்களையே பொறுப்பாக்கும் கருவியாகப் பயன்பட்டதும் உண்மை. ஆனாலும் வரலாற்று நோக்கில் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பேயை விரட்டத் தட்சணை வாங்க ஆள் உண்டு. கோபித்த தெய்வத்தைச் சமாதானப்படுத்த ஆடும் கோழியும் கேட்க ஆள் உண்டு. வினைக்கு அப்படித் தரகர் இல்லை என்பதே கோட்பாட்டளவில் பௌத்தம் கொண்டுவந்த மாற்றம். தேரிகாதையில் அடிமைப் பெண் புண்ணிகை, குளிரில் நடுங்கியபடி ஆற்றில் மூழ்கிப் பாவம் கழுவும் பார்ப்பனரிடம், நீர் பாவத்தைப் போக்குமென்றால் தவளைக்கும் ஆமைக்கும்தானே முதலில் சொர்க்கம் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறாள். அந்த ஆறு இன்னின்ன பாவத்தைப் போக்கும் என்று விதித்து வாழ்ந்த கூட்டத்துக்கு எதிராகவும் அந்தக் கேள்வி போகிறது.

இரண்டாவது மறுப்பு பகுத்தறிவு அணியிலிருந்து வரும். பேய்க்கதைகள் எல்லாம் பிற்காலத்தவர் செருகியவை, புத்தரின் உண்மைக் குரல் காலாமருக்குச் சொன்ன அறிவுரையில்தான் இருக்கிறது என்பார்கள். மரபு என்பதாலோ நூலில் இருக்கிறது என்பதாலோ ஆசான் சொன்னார் என்பதாலோ ஏற்காதே என்ற காலாம சூத்திரம் பெரும் சொத்துதான். ஆனால் அந்த உரை கேசபுத்த ஊரார் எந்தத் துறவியின் அறநெறியைப் பின்பற்றுவது என்று குழம்பி நின்றபோது சொல்லப்பட்டது. பேராசை, பகை, மயக்கம் ஆகியவற்றால் விளையும் தீமையை உன் அனுபவத்தில் உரசிப்பார் என்பதே அங்குள்ள உரைகல். உலகில் என்னென்ன இருக்கின்றன என்று துப்புத் துலக்கும் முறையை அது பேசவில்லை. செருகல் வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பேய் வரும் இடம் செருகல், பேய் வராத இடம் அசல் என்று பிரித்துவிட்டு, அசலில் பேய் இல்லை என்று முடிவுகட்டுவது வட்டத்தைச் சுற்றிவருவதுதான். பிரம்மன் திருதிருவென விழிக்கும் கேவட்ட சூத்திரத்திலிருந்து பிரம்மனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏளனம் இல்லாத வெறும் உபதேசம். தெய்வங்கள் அந்த நூல்களில் ஒட்டுப் போட்டவையாக இல்லை. வாதத்தின் உறுப்பாகவே இருக்கின்றன.

மூன்றடுக்கு நிலைக்கு அதன் உள்ளேயே ஒரு பலவீனம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. இறந்த உறவினர் பசித்த பிரேதங்களாகச் சுவருக்கு வெளியே நிற்கிறார்கள், அவர்கள் பேரால் சங்கத்துக்கு உணவளித்தால் பயன் அவர்களுக்குச் சேரும் என்று பேதவத்து சொல்கிறது. மந்திரம் விற்காத துறவிக்கு இங்கே பிரேதத்தின் பேரால் பிச்சை வருகிறது. காப்பு ஓதுதலும் அப்படித்தான். பாம்பு கடித்து ஒரு பிக்கு இறந்தபோது பாம்புகளிடம் அன்பைப் பரப்புங்கள் என்று சொல்லப்பட்ட பாட்டு, நாளடைவில் பாம்புக்கடிக்குக் காப்பாயிற்று. இது முரண் அல்லவா என்ற கேள்வியைப் பௌத்தர்களே எழுப்பினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. மிலிந்தர் கேள்விகள் நூலில் அரசர் மிலிந்தர் பிக்கு நாகசேனரை மடக்குகிறார்: வானத்தில் பறந்தாலும் கடலில் ஒளிந்தாலும் மரணத்துக்குத் தப்ப முடியாது என்று புத்தர் சொன்னது உண்மையானால், காப்பு ஓதுவது எதற்கு? ஆயுள் மிச்சமிருப்பவருக்கு மட்டுமே அது உதவும், தீவினையும் மனமாசும் நம்பிக்கையின்மையும் குறுக்கிட்டால் அதுவும் பலிக்காது என்கிறார் நாகசேனர். எப்படி முடிந்தாலும் தோற்காத பதில் இது. இன்றைய சோதிடர்களும் இப்படித்தான் தப்பிக்கிறார்கள். கேள்வியின் தரத்துக்கு விடை எட்டவில்லை.

இந்த இடைவெளியில்தான் இலங்கையின் பௌத்தம் தனக்கென ஒரு வேலைப்பிரிவினையை வளர்த்துக்கொண்டது. பிக்கு பிரித் எனும் காப்பை ஓதுவார், நூல் கட்டுவார், ஓதிய நீரைத் தெளிப்பார். பேயோட்டும் தொவில் சடங்கை நடத்துபவர் பிக்கு அல்ல. கட்டாடியா எனப்படும் பூசாரியும் பறைகொட்டும் சாதியினரும்தான். நோய்களைப் பதினெட்டுப் பேய்களாக உருவகிக்கும் சன்னி யக்கும சடங்கில் முகமூடி அணிந்த பேய்கள் ஒவ்வொன்றாக அரங்குக்கு வருகின்றன. முதலில் அச்சுறுத்துகின்றன, பிறகு கேள்வி பதிலில் அசடு வழிகின்றன, பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் புத்தரின் ஆணையை நினைவூட்டி, படையலை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். பிரம்மனைக் கேலிக்குள்ளாக்கிய சூத்திரத்தின் தருக்கம், எழுத்தறியாத கிராமத்தின் இரவில் கூத்தாக நடக்கிறது. தெய்வங்களுக்கும் இதே முறைதான். கண்டியின் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் தெய்வங்கள் புத்தரிடம் அதிகாரம் பெற்று ஆள்பவர்களாகவே கருதப்பட்டனர். கண்ணகியே பத்தினியாக அந்த வரிசையில் இருக்கிறாள். கண்டிப் பெரகரா இத்தெய்வங்களின் ஊர்வலமாக இருந்தது. 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்த பிறகு, மதுரை நாயக்கர் வழியில் வந்த மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியில், புத்தரின் பல் எனப் போற்றப்படும் தந்ததாது ஊர்வலத்தில் சேர்க்கப்பட்டு முதலிடம் பெற்றது. தெய்வங்களை விலக்கவில்லை, வரிசையில் பின்னுக்கு நிறுத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டை உடைத்தது கிறித்தவ மிஷனரிகளின் அச்சகம். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஜான் காலவே 1829இல் பேய்ச் சடங்குப் பாடல் ஒன்றை மொழிபெயர்த்து லண்டனில் வெளியிட்டார். சிங்களவரின் உண்மையான சமயம் பேய் வழிபாடே என்பது மிஷனரிகளின் தொடர்ந்த பிரசாரமாக இருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியில்தான் பௌத்தர்கள் முதற் கேள்வியின் பக்கம் திரும்பினார்கள். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் மிஷனரிகளோடு நடத்திய பொதுவாதம் பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அதன் செய்தியறிந்து 1880இல் இலங்கைக்கு வந்த அமெரிக்கர் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் மறு ஆண்டே பௌத்த வினாவிடை நூலை எழுதினார். மந்திரம், நல்ல நேரம், பேயாட்டம் ஆகியவை பௌத்தத்துக்கு அடிப்படையிலேயே எதிரானவை, பிற சமயங்களின் எச்சங்கள் என்று அந்நூல் தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சான்றாகப் பிரம்மஜால சூத்திரத்தையே காட்டியது. துறவியின் பிழைப்பைப் பற்றிய பட்டியல் இவ்வாறு எல்லோருக்குமான நம்பிக்கை விலக்காக மாறியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆல்காட்டும், அவரோடு பிரம்ம ஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1874இல் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது வெர்மான்ட் மாநிலத்தில் ஆவிகளை வரவழைக்கும் ஒரு பண்ணை வீட்டில். இலங்கையில் கத்தோலிக்கரின் நோய்தீர்க்கும் கிணறு பற்றிய பேச்சு பரவியபோது, அதற்குப் போட்டியாக ஆல்காட் 1882 முதல் கையால் தடவி நோய் நீக்கும் மெஸ்மெரிசச் சிகிச்சையில் இறங்கி, ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதைச் செய்தார். பேயாட்டத்தைக் கண்டித்த கைதான் அது.

சென்னையில் இந்தக் கதை வேறு தேவையால் உந்தப்பட்டது. 1898இல் ஆல்காட்டுடன் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தொடங்கிய தம் வார இதழில், தீபாவளி, கார்த்திகை தீபம் போன்ற பண்டிகைகளுக்குப் பௌத்த வரலாற்று விளக்கம் எழுதினார். சடங்கை ஒழிப்பதைவிட அதைப் பார்ப்பனியத்திடமிருந்து மீட்பதே அவர் வழியாக இருந்தது. அதே 1907இல் அறிவியல் பேராசிரியர் ப. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் வெளியிட்ட பௌத்த சாரம் என்ற நூலோ அற்புதங்களைக் களைந்து, அறிவியலோடு இசையும் அறநெறியாகப் பௌத்தத்தை நிறுத்தியது. 1948இல் அந்நூலின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய அம்பேத்கர், 1957இல் தம் மறைவுக்குப் பின் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் நூலில் உரைகல்லையே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: புத்தர் அறிவுக்குப் பொருந்தாதது பேசியிருக்க மாட்டார், ஆகவே அறிவுக்குப் பொருந்துவதைப் புத்தர் வாக்காகக் கொள்ளலாம். வரலாற்றாசிரியர் இந்த அளவுகோலை ஏற்க முடியாது. ஆனால் அம்பேத்கர் அங்கே வரலாறு எழுதவில்லை. முற்பிறவி வினையின் பெயரால் தீண்டாமை சுமத்தப்பட்ட மக்களுக்கு ஒரு சமயத்தை வடித்தெடுத்தார். முன்னே எழுப்பிய வினை பற்றிய மறுப்பைப் பௌத்தத்துக்குள் நின்றே எதிர்கொண்டவர் அவர். அவர் எடுத்த பகுத்தறிவு இழை புத்தர் மரபில் உண்மையாகவே இருந்தது என்பதால், இதை ஐரோப்பியச் சாயம் என்று ஒதுக்குவதும் பிழை.

சீர்திருத்தத்தின் பலன் என்ன? பேயைப் புத்தகத்திலிருந்து நீக்கிய இலங்கையில், பேயும் தெய்வமும் ஊரிலிருந்து நீங்கவில்லை. ரிச்சர்ட் கோம்பிரிச்சும் கணநாத் ஒபேசேகரவும் 1988இல் வெளியிட்ட ஆய்வு, கொழும்பைச் சுற்றிய நகர்ப்புறங்களில், படித்தவர்களிடையேயும், கதிர்காமர், காளி, சூனியத்தின் தெய்வமான ஹூனியம் ஆகிய வழிபாடுகள் வளர்ந்திருப்பதைக் காட்டியது. கொழும்பில் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமையேற்று, யாழ்ப்பாணத்திலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றில்லாத சூழலில் அற்புத ஆற்றலை நிரூபிப்பவருக்கு 1963இல் ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. வென்றவர் இல்லை என்பதால் வாடிக்கையாளர் குறையவும் இல்லை. தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட்டில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஜாதுகாம் ராமதேப் என்ற தெய்வத்தின் வட்டத் தாயத்துக்கு எழுந்த மோகத்தில் விகாரைகளே தாயத்துகளை வார்த்து, பிக்குகள் ஓதி விற்பனைக்கு விட்டார்கள். அந்தப் பிக்குகளுக்கு எதிராகப் பேயோ தெய்வமோ உண்டா இல்லையா என்ற தத்துவ விவாதம் தேவையே இல்லை. அவர்கள் மாதம் இருமுறை ஓதும் துறவு விதியும் பிரம்மஜால சூத்திரமும் போதும்.

அற்புதத்தை மறுப்பவர்கள் இல்லாத காலம் இல்லை. உலகாயதர் பழங்காலத்திலேயே அதைச் செய்தார்கள், இன்று அறிவியல் அவர்களைவிட நன்றாகச் செய்கிறது. அந்தப் பணிக்குப் பௌத்தத்தை இழுத்துவந்து, அதன் நூல்களில் இருக்கும் பேய்களை மறைத்துவைக்க வேண்டியதில்லை. பௌத்தம் தனியாகச் செய்தது வேறொன்று. பேய் இருக்கட்டும், அதைக் காட்டிக் காசு வாங்காதே என்று தன் துறவிகளுக்கு அது சட்டம் போட்டது. நம்புகிறவரைக் கேலி செய்யாமல், நம்பிக்கையை விற்கிறவரைக் குற்றவாளியாக்கிய சட்டம் அது. ஒரு சமயம் பகுத்தறிவோடு இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர் அதன் நூல்களில் எத்தனை பேய்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தப் பேய்களால் யாருக்கு வருமானம் என்று கேட்கட்டும். இந்தக் கேள்விக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் விடை சொன்ன சமயம், அந்த விடையைத் தன் விகாரைகளிலேயே நடைமுறைப்படுத்தத் தவறிவிட்டது என்பதுதான் அதன்மேல் வைக்கக்கூடிய நியாயமான குற்றச்சாட்டு.